அது மக்காச்சோளம் இல்லை, பருத்தி

ஜார்ஜியாவில் ஒரு எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்கும் விற்பனையில்) பழைய காகிதங்கள் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கினீர்கள், அதற்குள் இந்தப் படம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 26 கறுப்பின மாணவர்கள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். பாதிப்பேருக்கு மேல் ஒரே மாதிரி அடர்நிற ஜாக்கெட். இடது ஓரத்தில் தொப்பி வைத்த ஒரு பெரியவர், வலது ஓரத்தில் இரண்டு பெண்கள், பின்னால் நீளமான செங்கல் கட்டடம். கூகுளில் தேடினால் எஃப்.எஃப்.ஏ ('ஃப்யூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா', வேளாண்மை படிக்கும் பள்ளி மாணவர்களின் சங்கம்) என்று வருகிறது, அதுதானா, எந்த வருஷம், இதற்கு விலை உண்டா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இவர்கள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் மூன்றுக்கும் படத்தை வைத்தே ஓரளவு பதில் சொல்லிவிடலாம். நான்காவதற்குப் படம் மட்டும் போதாது.

அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் படக் காப்பகத்தில் 16 வருஷமாக வேலை செய்கிறேன். வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. பெயரில்லாமல் வந்து சேரும் படங்களுக்குக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. நீங்கள் போட்டிருக்கும் ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்கிறேன். அசல் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் சிலது மாறலாம்.

முதலில் சங்கம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது எஃப்.எஃப்.ஏ இல்லை, என்.எஃப்.ஏ. அதாவது 'நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா'. முன்வரிசையில் நடுவில் நிற்கும் பையனின் மார்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு சங்கங்களின் சின்னங்களும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டிலும் கலப்பை, ஆந்தை, உதயசூரியன், மேலே கழுகு எல்லாம் உண்டு. ஆனால் எஃப்.எஃப்.ஏ சின்னத்தின் அடித்தளம் மக்காச்சோளக் கதிரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டம். ஓரமெல்லாம் பல் பல்லாக, ஒழுங்காக இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது இரண்டு இலைகளோடு வெடித்து நிற்கும் பருத்திக்காய். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஜாக்கெட்டை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. எஃப்.எஃப்.ஏவின் கார்டுராய் ஜாக்கெட் கருநீலம், என்.எஃப்.ஏவுடையது கறுப்பும் பொன்னிறமும்; இரண்டும் படத்தில் ஒரே இருட்டாகத்தான் விழும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நானே ஏமாந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு படத்துக்கு எஃப்.எஃப்.ஏ என்று குறிப்பு எழுதி வைத்தேன். மூன்று வருஷம் அது அப்படியே இருந்தது. ஒருநாள் வேறு ஏதோ பார்க்க வந்த ஒரு முதியவர் என் மேஜையில் குனிந்து, "தம்பி, நீ பருத்தி பறித்ததே இல்லைபோல, அது சோளமில்லை" என்று அவர் மொழியில் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே வேலைக்கு ஏன் இரண்டு சங்கம் என்று கேட்பீர்கள். 1917ல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் வேளாண்மைத் தொழிற்கல்விக்கு மத்திய அரசுப் பணம் தந்தது. தென் மாநிலங்களில் பள்ளிகள் சட்டப்படியே வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி. அதனால் வகுப்பும் தனி, வகுப்பை ஒட்டி வளர்ந்த சங்கமும் தனி. 1927ல் வர்ஜீனியா ஸ்டேட் கல்லூரியில் 'நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் வர்ஜீனியா' தொடங்கியது. அதற்கு முக்கியக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஓவன்ஸ். கேன்சஸ் மாநில வேளாண் கல்லூரியில் 1899ல் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். 1928ல் கேன்சஸ் சிட்டியில் எஃப்.எஃப்.ஏ தேசிய அமைப்பாக உருவானது. மாநிலம் மாநிலமாகக் கிளைத்திருந்த கறுப்பின மாணவர் சங்கங்கள் 1935ல் அலபாமாவின் டஸ்கீகியில் கூடி என்.எஃப்.ஏ என்ற தேசிய அமைப்பாயின. உறுப்பினர்களுக்குப் படிநிலைகள் இருந்தன. பண்ணைக் கையாள் என்ற பட்டத்தில் தொடங்கி, மேம்பட்ட விவசாயி, நவீன விவசாயி என்று ஏறி, உயர்நிலை விவசாயி வரை போகலாம். மேடைப்பேச்சுப் போட்டி இருந்தது. நால்வர் சேர்ந்து பாடும் குவார்டெட் போட்டியும் இருந்தது. 1920 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சங்கத்தின் பின்னால் எவ்வளவு பெரிய உலகம் இருந்தது என்று புரியும். இன்று அமெரிக்க விவசாயிகளில் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

அடுத்து வருஷம். இங்கே உறுதி கொஞ்சம் குறைகிறது, ஆனால் எல்லை போடலாம். கடைசி எல்லை தெளிவானது. 1964ல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகு, பாகுபாடு காட்டும் அமைப்புக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது என்ற நிலை வந்தது. 1965ல் என்.எஃப்.ஏ, எஃப்.எஃப்.ஏவோடு இணைந்தது. அப்போது அதில் ஏறத்தாழ 50,000 உறுப்பினர்கள். ஆக, 1965க்குப் பிறகு இப்படி ஒரு படம் எடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழைய ஜாக்கெட்டை இன்னும் ஒரு வருஷம் போட்டுத் தேய்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

முன் எல்லைக்கு மூன்று சான்று. ஒன்று, பின்னால் தெரியும் கட்டடம். 1912 முதல் 1932 வரை ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற செல்வந்தர் தந்த நிதியில் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் கட்டினார்கள். பெரும்பாலும் மரப்பலகைக் கட்டடங்கள். மின்சாரம் இல்லாத காலம் என்பதால் ஆளுயர ஜன்னல்கள் வரிசையாக அடுத்தடுத்து இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது அது இல்லை. தட்டையான கூரை, ஒரே தளம், செங்கல் சுவர், உலோகச் சட்டம் போட்ட ஜன்னல். ஜார்ஜியாவில் இதற்கு 'ஈக்வலைசேஷன் பள்ளி' என்று பெயர். இனம் பிரித்து வைத்தாலும் தரம் சமம்தான் என்று நீதிமன்றத்தில் காட்டுவதற்காக, 1951ல் கொண்டுவந்த விற்பனை வரியின் துணையோடு மாநில அரசு அவசர அவசரமாகக் கட்டிய பள்ளிகள் இவை. வெள்ளை, கறுப்பு மாணவர்களை ஒரே பள்ளியில் சேர்க்கும் ஒருங்கிணைப்பைத் தள்ளிப்போடுவதற்காகக் கட்டிய கட்டடம் என்றாலும், அதில் படித்தவர்கள் பலர் அந்தப் பள்ளியைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார்கள். ஆசிரியர்கள் அப்படிப்பட்டவர்கள் என்பார்கள்.

இரண்டாவது சான்று வலது மூலையில் அரைகுறையாகத் தெரியும் கார். பின்பகுதி மீன்துடுப்பு மாதிரி தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்த மோஸ்தர் 1950களின் இரண்டாம் பாதியில்தான் பரவலானது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கார் எப்போதும் 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். 1957ல் வாங்கிய காரை ஒரு கிராமத்து ஆசிரியர் பத்து வருஷம் ஓட்டுவார். நம்பர் பிளேட் தெரிந்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். கொடிக்கம்பம் இருந்திருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் கொடியில் 1959 ஜூலை வரை 48 நட்சத்திரங்கள், எட்டெட்டாக ஆறு நேர்வரிசை. 1960 ஜூலையிலிருந்து 50, ஒன்றுவிட்டு ஒன்று விலகிய வரிசை. நட்சத்திரத்தை எண்ண முடியாவிட்டாலும் நேராக இருக்கிறதா விலகி இருக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்றாவதை நீங்கள்தான் செய்ய வேண்டும். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருப்பார்களே, அந்தப் புறஊதா (யுவி) விளக்கு ஒன்று வாங்குங்கள். இருட்டறையில் படத்தின் ஓரத்து வெள்ளை மார்ஜினில் அடித்துப் பாருங்கள். 1950களிலிருந்து புகைப்படத் தாளில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள்; வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் 1950களுக்கு முந்தைய தாள் இல்லை என்பது உறுதி. ஒளிராவிட்டால் ஒன்றும் முடிவாகாது, ஏனென்றால் அந்த ரசாயனம் இல்லாத தாளும் தொடர்ந்து விற்றது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் கணக்கு 1957க்கும் 1964க்கும் நடுவில். குறிப்பு எழுதும்போது 'ஏறத்தாழ 1960' என்று போடுவேன், '1960' என்று போட மாட்டேன். அந்த 'ஏறத்தாழ' போய்விட்டால் இருபது வருஷம் கழித்து யாராவது அதை ஆதாரமாக எடுத்துக் கட்டுரை எழுதிவிடுவார்கள்.

சந்தேகத்துக்குரியது அந்த இரண்டு பெண்கள். என்.எஃப்.ஏ பையன்களுக்கான சங்கம். மனையியல் படித்த கறுப்பின மாணவிகளுக்கு 1945ல் தொடங்கிய 'நியூ ஹோம்மேக்கர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற தனிச் சங்கம் இருந்தது, அதுவும் 1965ல் வெள்ளை மாணவிகளின் சங்கத்தோடு இணைந்தது. இரண்டு சங்கமும் சேர்ந்து நடத்திய விழாவாக இருக்கலாம். அல்லது ஒரு பெண் ஆசிரியையாகவே இருக்கலாம். அந்த வயதில் உடையை வைத்துப் பிரிப்பது கஷ்டம். தொப்பிக்காரர் வேளாண்மை ஆசிரியர் என்று 90 சதவீதம் சொல்வேன். ஓரத்தில், கொஞ்சம் விலகி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற தோரணை அப்படி. ஆனால் தலைமையாசிரியராக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். தோரணையெல்லாம் சாட்சி ஆகாது.

முகங்கள் இருட்டாக இருப்பதாகக் குறைபட்டிருந்தீர்கள். படம் பழுதாகவில்லை. வெயிலில் வெள்ளைச் சட்டைக்கும் செங்கல் சுவருக்கும் வெளிச்ச அளவு வைத்து எடுத்திருக்கிறார்கள். கறுத்த முகங்கள் நிழலில் அமுங்கிவிட்டன. சராசரி வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் எப்போதும் நடப்பதுதான். தங்கள் மக்களைத் தாங்களே எடுத்த கறுப்பின ஸ்டூடியோக்காரர்கள் படங்களில் இந்தக் கோளாறைப் பார்க்க முடியாது; டஸ்கீகியின் பி.எச். போல்க், வாஷிங்டனின் ஸ்கர்லாக் குடும்பத்தினர் எடுத்த முகங்களைத் தேடிப் பாருங்கள், தோலின் ஒவ்வொரு சாயலும் தெரியும். உங்கள் படத்திலும் தகவல் உள்ளேதான் இருக்கிறது. ஸ்கேனரில் 'தானாகச் சரிசெய்' என்பதை அணைத்துவிட்டு, 1200 டிபிஐ, 16 பிட், டிஃப் கோப்பாக எடுங்கள். அப்புறம் நிழல் பகுதியை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். தயவுசெய்து ஏஐ செயலியில் போட்டுத் தெளிவாக்காதீர்கள். அது முகத்தைத் தெளிவாக்குவதில்லை, வேறொரு முகத்தை வரைகிறது. கலர் ஏற்றச் சொன்னால் ஜாக்கெட்டை நீலமாக்கினாலும் ஆக்கும். கறுப்பும் பொன்னும் என்று அதற்கு யார் சொல்வது?

சரி, பெயர்களுக்கு வருவோம். இந்தப் படம் ஏன் பெயரில்லாமல் உங்கள் கைக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இணைப்பு என்று சொன்னேனே, காகிதத்தில்தான் அது இணைப்பு. நடந்தது கரைந்துபோதல். கறுப்பு ஜாக்கெட் போய் நீல ஜாக்கெட் வந்தது; பருத்திக்காய் போனது, சோளம் நின்றது. பள்ளிகளிலும் அதே கதைதான். ஒருங்கிணைப்பு என்று வந்தபோது பல ஊர்களில் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான், அல்லது உயர்நிலைப் பள்ளி நடுநிலைப் பள்ளியாக இறக்கப்பட்டது. பெயர் போனது, கோப்பைகளும் சுவரில் மாட்டியிருந்த குழுப் படங்களும் குப்பைக்குப் போயின. கறுப்பின ஆசிரியர்கள் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். எஃப்.எஃப்.ஏவுக்கு முதல் கறுப்பினத் தேசியத் தலைவர் வர 1994 ஆனது. அதனால் இப்படிப்பட்ட படம் பிழைத்திருந்தால் பெரும்பாலும் ஒரு ஆசிரியரின் வீட்டு அலமாரியில்தான் பிழைத்திருக்கும். அவர் போன பிறகு பிள்ளைகள் வீட்டை விற்பார்கள், பெட்டி இருபது டாலருக்குப் போகும்.

அதனால்தான் முதல் வேண்டுகோள்: பெட்டியைக் கலைக்காதீர்கள். படம் மட்டும் அழகாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோழித் தீவன ரசீது, சர்ச் விசிறி, யாரோ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை, எல்லாம் அதே வரிசையில் இருக்கட்டும். நீங்கள் தேடும் ஊர்ப் பெயர் அந்த ரசீதில்தான் இருக்கும். விற்றவரிடம் எந்த கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), யாருடைய வீடு என்று இப்போதே கேளுங்கள்; ஆறு மாதம் போனால் அவருக்கே மறந்துவிடும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அழுத்தி எழுதிய தடம் நிழலாகத் தெரியும். பெயர்ப்பலகையில் 'கவுண்டி ட்ரெயினிங் ஸ்கூல்' என்று எங்காவது கண்ணில் பட்டால் அது கறுப்பினப் பள்ளி என்று ஏறக்குறைய உறுதி. உயர்நிலைப் பள்ளி என்று சொன்னால் வெள்ளையர் முகம் சுளிப்பார்கள் என்று பல ஊர்களில் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

கவுண்டி தெரிந்துவிட்டால் வழி திறக்கும். மூடிய பள்ளிகளுக்கும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, வருஷா வருஷம் கூடுகிறார்கள். ஃபோர்ட் வேலி அருகே கேம்ப் ஜான் ஹோப் என்று ஜார்ஜியா என்.எஃப்.ஏவின் முகாம் ஒன்று இருந்தது. அந்த மாநிலத்து உறுப்பினர்களிடம் பேச்சைத் தொடங்க அந்தப் பெயர் ஒன்றே போதும். அட்லாண்டாவில் ஆபர்ன் அவென்யூ ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கறுப்பின வரலாற்றுக்கென்றே நடப்பது. 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் ஜார்ஜியா' தளத்தில் கறுப்பினக் குடும்பங்களின் இறுதிச்சடங்கு நிகழ்ச்சிநிரல்களை ஆயிரக்கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். இறந்தவரின் படம், படித்த பள்ளி, சேர்ந்திருந்த சங்கம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். 1950 கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் பட்டியல் 2022 ஏப்ரலில் வெளியானது. ஒரு பெயர் கிடைத்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அதில் பார்க்கலாம். ஆனால் இவையெல்லாம் துணைக்குத்தான். உங்கள் படத்துப் பையன்கள் இன்று எண்பதை ஒட்டியவர்கள். பலர் உயிரோடு இருப்பார்கள். பிட்ஸ்பர்க்கின் பத்திரிகைப் படக்காரர் டீனி ஹாரிஸ் ஏறத்தாழ 80,000 நெகடிவ் விட்டுப் போனார். அதை வாங்கிய கார்னகி அருங்காட்சியகம், பெயர் தெரியாத படங்களை மக்கள் முன் வைத்து, ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுத்தான் ஆட்களை அடையாளம் கண்டது. அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

போகும்போது அசலைக் கொண்டுபோக வேண்டாம். பெரிய நகல் எடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்கள். ஒவ்வொரு பெரியவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், பிறகுதான் கூட்டமாக. கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவரின் ஞாபகம் எல்லாருடைய ஞாபகமும் ஆகிவிடும். யார் சொன்னார், எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று எண்ணுக்கு நேரே எழுதுங்கள். அண்ணன் தம்பிகளைத்தான் அதிகம் மாற்றிச் சொல்வார்கள். உயிரோடு இருப்பவர் பெயரை அவரைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். பழைய காகிதங்களில் 'நீக்ரோ', 'கலர்டு' என்று இருந்தால் அதை அழிக்கவும் வேண்டாம், நீங்கள் அப்படி எழுதவும் வேண்டாம். மேற்கோளில் அப்படியே காட்டிவிட்டு உங்கள் குறிப்பை இன்றைய சொல்லில் எழுதுங்கள்.

விலை கேட்டீர்கள். விற்கலாம், வாங்க ஆள் உண்டு. ஆனால் பெயரும் ஊரும் இல்லாமல் விற்றால் அது இன்னொரு பெட்டிக்குள் போகும், அத்தோடு தேடலும் நின்றுவிடும். உங்கள் பெட்டி, உங்கள் முடிவு. படத்தாள் உங்களுடையது என்றாலும் அதை அச்சிட்டு வெளியிடும் உரிமை படம் எடுத்தவருடையதாக இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஸ்கேனில் இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது பையனின் வலது கையைப் பாருங்கள். ஜாக்கெட் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. அவனுக்குத் தைத்ததில்லை. நான் தப்பாகக் குறிப்பு எழுதிய படத்திலும் இப்படி ஒருவன் இருந்தான். அந்த முதியவர் மற்ற முகங்களில் தடுமாறியவர், அவனை மட்டும் உடனே சொல்லிவிட்டார். ஜாக்கெட் அவருடையது, படம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் கழற்றிக் கொடுத்தாராம். அந்தப் படத்தில் ஜாக்கெட் இல்லாமல் பின்வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் அந்த முதியவரே. பின்பக்க ஸ்கேனையும் கவுண்டி பெயரையும் போடுங்கள், அந்த வட்டாரத்தில் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன்.